திக்காத மூடி

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தப் பொன்னாடையை நான் மேடையிலேயே உருவித் தரையில் போட்டது உண்மைதான். நீங்களும் கைபேசியில் பார்த்திருப்பீர்கள். 'மூத்த கலைஞருக்குப் புத்தி பேதலிப்பு' என்று தலைப்புப் போட்டார்களாம். பேதலிப்பும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. எனக்கு வந்தது கோபம். இந்த வயதில் ஒருத்தி கத்தினால் சர்க்கரை கூடிவிட்டது, ரத்த அழுத்தம் ஏறிவிட்டது என்று ஆயிரம் காரணம் சொல்வார்கள். கோபம் என்று மட்டும் ஒருவனும் சொல்ல மாட்டான்.

என் பெயர் கிளாரா. பெரம்பூர்க்காரி. அப்பா ரயில்பெட்டித் தொழிற்சாலையில் இருந்தார். ஊருக்கெல்லாம் ஒரே ஒரு சேனல் இருந்த காலத்தில் நான் தொலைக்காட்சி நிலையத்தில் படம் வரைகிற வேலையில் சேர்ந்தேன். அப்போது டெல்லியிலிருந்து வரும் இணைப்பு நினைத்த நேரத்தில் அறுந்துபோகும். 'தடங்கலுக்கு வருந்துகிறோம்' என்று அட்டையைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எத்தனை நேரம்தான் ஜனங்கள் அட்டையைப் பார்ப்பார்கள்? இடையில் ஓட்டுவதற்கு ஏதாவது செய் என்றார் எங்கள் தயாரிப்பாளர். செலவு பண்ணாமல் செய் என்பதையும் சேர்த்துச் சொன்னார்.

அப்படிச் செய்ததுதான் 'மூடி'. ஒரு தூக்குச்சட்டியின் அலுமினிய மூடி. இரண்டு குன்றிமணிகளைக் கண்ணாக ஒட்டினேன். நடுவில் இருக்கிற குமிழ்தான் மூக்கு. சட்டியைத் தொலைத்துவிட்ட மூடி அது. அடுக்களை அலமாரியில் உருண்டு உருண்டு போய், எதிரில் வருகிற பாத்திரத்தையெல்லாம் பார்த்து "நீ என் பாத்திரமா?" என்று கேட்கும். எதுவும் பொருந்தாது. குண்டானுக்குள் தொபுக்கென்று விழும், டம்ளர் மேலிருந்து வழுக்கும், மறுபடி எழுந்து உருளும். நான் மூடியை நூலளவு நகர்த்துவேன், ஞானப்பிரகாசம் கேமராவில் ஒரு படம் எடுப்பார், மறுபடி நகர்த்துவேன். முதுகு ஒடிந்துபோகும்.

படத்துக்குக் குரலைப் பதியவில்லை. பதிந்தால் நீளம் நிச்சயமாகிவிடும். தடங்கல் எப்போது தீரும் என்று ஆண்டவருக்கே தெரியாத இடத்தில் நிச்சயமான நீளத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அதனால் ஊமைப்படத்தைச் சுழலவிட்டு, பக்கத்து அறையில் மைக் முன்னால் ஓர் ஆளை உட்கார வைத்து நேரடியாகப் பேச வைத்தோம். இணைப்பு வந்ததும் கை காட்டுவோம், பேச்சு நிற்கும். அன்றைக்கு ஒலித்தது அன்றோடு காற்றில் போயிற்று.

அந்த ஆள் என் தங்கை பிலோமினா. பிலோவுக்குத் திக்குவாய். கடையில் வாய் திறந்து கேட்காமல் விரலைக் காட்டிப் பொருள் வாங்குகிறவள். ஒரு நாள் எனக்கு மதியச் சாப்பாடு கொண்டுவந்தவள், மைக் திறந்திருப்பது தெரியாமல் "இ... இ... இந்த டப்பாவ எங்கக்கா வெக்கட்டும்?" என்று கேட்டாள். தயாரிப்பாளர் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றுவிட்டார். சட்டியைத் தொலைத்த மூடி வேறு எப்படிப் பேசும், இப்படித்தான் பேசும் என்றார். நான் வேண்டாம் என்றேன். ஊர் சிரிக்கும் என்று பயந்தேன். பிலோதான் உட்கார்ந்தாள். "நீ... நீ எ... என் பா... பாத்திரமா?" என்று அவள் கேட்டபோது கேமராக்காரர் ஞானம் அந்தக் கண்ணாடியை விட்டு நகரவேயில்லை.

ஊர் சிரித்தது. ஆனால் நான் பயந்த சிரிப்பு இல்லை. தெருப்பிள்ளைகள் அவளை 'மூடிக்கா' என்று கூப்பிட்டார்கள். அவள் கடையில் வாய் திறந்து கேட்க ஆரம்பித்தாள். ஞானம் அவளைக் கட்டிக்கொள்வதாகச் சொன்னார். மாதா கோயிலில் கல்யாண ஓலை வாசித்தாயிற்று, புடவையும் எடுத்தாயிற்று. மஞ்சள் காமாலை வந்து கல்யாணத்துக்கு முன்பே பிலோ போய்விட்டாள். டேப்ரெக்கார்டரைக் கண்டால் எழுந்து ஓடுகிறவள், அதனால் வீட்டிலும் அவள் குரல் எதிலும் இல்லை. அந்தக் குரல் இருந்த இடம் ஒன்றே ஒன்றுதான். அன்றைக்குத் தொலைக்காட்சி பார்த்த பிள்ளைகளின் தலைக்குள்.

இந்த இடத்தில்தான் 'மறுஒளி' என்ற நிறுவனம் வருகிறது. தொலைந்துபோன பழைய நிகழ்ச்சிகளை, பார்த்தவர்களின் ஞாபகத்திலிருந்தே எடுத்துத் திரும்பச் செய்கிறார்கள். தலையில் ஒரு கவசம் மாட்டி உட்கார வைத்து, யோசித்துப் பாருங்கள் என்பார்கள். யோசிப்பது படமாகவும் சத்தமாகவும் இயந்திரத்தில் இறங்கும். ஆயிரக்கணக்கானவர்களின் ஞாபகத்தை ஒன்றாகக் கலந்து ஒரே படமாக்குவார்கள். எண்பதுகளில் பிள்ளைகளாக இருந்த கூட்டம் சும்மா இருக்குமா? வாட்ஸ்அப் குழுவில் ஆள் சேர்த்து வேன் வைத்துக்கொண்டு போனார்கள். முதலில் செய்த படம் 'மூடி'. வெளியீட்டு விழாவுக்கு என்னை அழைத்தார்கள். நான் புதுப்புடவை கட்டிக்கொண்டு போனேன். என் தங்கையின் குரலைக் கேட்கப் போகிறேன் என்று முந்தின நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

விளக்கை அணைத்தார்கள். மூடி உருண்டு வந்தது. என் மூடிதான், குன்றிமணிக் கண்ணேதான். குண்டானைப் பார்த்து நின்றது. "நீ என் பாத்திரமா?" என்று கேட்டது.

தெளிவாக, தேன் தடவின மாதிரி, ஒரே மூச்சில். விமான நிலையத்தில் அறிவிப்புச் சொல்கிற பெண் மாதிரி. அதோடு விட்டார்களா, கடைசியில் மூடிக்கு அதன் தூக்குச்சட்டி கிடைத்துவிடுகிறது. பாத்திரமெல்லாம் சேர்ந்து கைதட்டுகின்றன. அரங்கத்தில் நரைத்த தலைகளெல்லாம் குலுங்கிக் குலுங்கி அழுதன. பக்கத்தில் இருந்தவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, அப்படியே இருக்கும்மா, ஓர் அட்சரம் மாறவில்லை என்றார். அதற்குப் பிறகு என்னை மேடைக்குக் கூட்டிப்போய்ப் பொன்னாடை போர்த்தினார்கள். மீதியைத்தான் பார்த்திருக்கிறீர்களே.

இரண்டு நாள் கழித்து ஸ்ரீநிதி என்ற பெண் என்னை அலுவலகத்துக்கு அழைத்தாள். இந்தப் படத்துக்கு அவள்தான் பொறுப்பாம். என் மகள் வயதுகூட இருக்காது. கெட்ட பெண் இல்லை, அதைச் சொல்லியாக வேண்டும். காபி வரவழைத்தாள், மன்னிப்புக் கேட்டாள். திக்குவாய் எங்கே போனது என்று நான் நேராகவே கேட்டேன்.

"ஒரே சத்தம் ரெண்டு மூணு தடவ அடுத்தடுத்து வந்தா, மெஷின் அத எதிரொலின்னு எடுத்துக்கும் மேம். ஒன்னா மடிச்சிரும்" என்றாள்.

"அது எதிரொலி இல்ல. என் தங்கச்சி."

"எங்களுக்குத் தெரியாது மேம். யாரும் சொல்லலையே."

நியாயம்தானே என்று ஒரு கணம் எனக்கே தோன்றியது. கவசம் மாட்டிக்கொண்டவர்கள் ஏன் சொல்லவில்லை? முடிந்த படத்தைப் பார்த்ததும், இது இப்படி இல்லையே, மூடி திக்குமே என்று ஒரே ஒருத்தர்கூடவா சொல்லியிருக்க மாட்டார்? அதைக் கேட்டதும் ஸ்ரீநிதி காபிக் கோப்பையைத் திருப்பித் திருப்பி வைத்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது.

"ஞாபகம் போட்டோ மாதிரி இல்ல மேம். வெளிய எடுக்கிறப்ப இளகிடும். திரும்ப உள்ள போய்த்தான் இறுகும். நாங்க அந்த நேரத்துலதான் முடிச்ச படத்தப் போட்டுக் காட்டுவோம், சரியா இருக்கான்னு பாக்கச் சொல்லி. இளகி இருக்கிறப்ப எதப் பாக்கிறாங்களோ..."

"அதுவாவே இறுகிடும். வெல்லப்பாக அச்சுல ஊத்துற மாதிரி."

"ஆமா மேம்."

"அப்ப பழசு?"

அவள் உதட்டைப் பிதுக்கினாள். தனித்தனி ஆளிடம் எடுத்ததையாவது வைத்திருக்கிறீர்களா என்று கேட்டேன். கலந்த பிறகு அதெல்லாம் வைப்பதில்லை, வைத்தாலும் அதிலும் திக்கல் இருக்காது, எடுக்கும்போதே மடிந்துவிடும் என்றாள். அத்தனை பேரும் சந்தோஷமாகத்தான் போகிறார்கள், இதுவரை ஒரு புகார்கூட இல்லை என்றும் சொன்னாள். செத்தவள் வந்தா புகார் கொடுப்பாள் என்று கேட்டேன்.

என்னைச் சமாதானப்படுத்த வேண்டும் என்று நினைத்தாளோ என்னவோ, எழுந்திருக்கும்போது ஒரு நல்ல செய்தி சொன்னாள். இதுவரை திக்குவாய் உள்ளவர்களை அவர்கள் சேர்த்துக்கொள்ளவில்லையாம். அவர்கள் மனசுக்குள் யோசிப்பதிலேயே எதிரொலி அதிகமாம், இயந்திரம் திணறுமாம். இப்போது அதையும் சரிசெய்துவிட்டார்களாம். திங்கட்கிழமையிலிருந்து அவர்களும் வந்து கவசம் மாட்டிப் படம் பார்க்கலாம், யாரையும் ஒதுக்கக் கூடாது என்பதுதான் எங்கள் கொள்கை என்றாள். எனக்கு இருந்த ஆத்திரத்தில் அது காதில் சரியாக ஏறவில்லை. அங்கிருந்து நேராக வில்லிவாக்கத்துக்கு ஆட்டோ பிடித்தேன்.

வில்லிவாக்கத்தில் ஞானப்பிரகாசம் இருக்கிறார். பிலோ போய் வெகுநாள் கழித்துக் கல்யாணம் செய்துகொண்டு, பிள்ளை குட்டி என்று ஆகி, இப்போது முழங்கால் வலியோடு உட்கார்ந்திருக்கிறார். வருடா வருடம் பிலோவின் நினைவுப் பூசைக்கு வருவார். வந்தால் தவறாமல் ஒரு கதை சொல்வார். பெரம்பூர் மேம்பாலத்தில் நின்று அவளிடம், என்னைக் கட்டிக்கிறியா என்று கேட்டாராம். அவள் 'சரி' என்று சொல்ல ஆரம்பித்தாளாம். 'ச'விலேயே மாட்டிக்கொண்டாளாம். கீழே ஒரு கூட்ஸ் வண்டி வந்ததாம், பெட்டி பெட்டியாகப் போனதாம், கார்டு பெட்டியும் கடந்துபோனதாம், அப்புறம்தான் 'ரி' வந்ததாம். சொல்லிவிட்டுச் சிரிப்பார். சிரித்து முடிப்பதற்குள் கண்ணைத் துடைப்பார். அவர் மனைவிக்குக்கூட அந்தக் கதை மனப்பாடம்.

போனதும், படத்தில் பிலோ குரலைக் கெடுத்துவிட்டார்கள் ஞானம் என்று ஆரம்பித்தேன். அவர் முகம் மலர்ந்தது. நானும் போயிருந்தேனே, பேரப்பிள்ளைகளோடு போய்க் கவசம் மாட்டிக்கொண்டேன், பிலோ குரல் அப்படியே இருந்தது என்றார். அதில் திக்கலே இல்லையே என்றேன்.

"பிலோ எப்ப திக்குனா, கிளாரா?" என்றார் ஞானம்.

நான் விடவில்லை. மேம்பாலத்தை ஞாபகப்படுத்தினேன். அன்றைக்குச் சரி என்று சொல்ல எத்தனை நேரம் ஆனது என்று கேட்டேன்.

"கேட்டேன். ஒடனே சரின்னுட்டா."

"கூட்ஸ் வண்டி?"

"ஏது கூட்ஸு? நீ வேற எதையோ போட்டுக் கொழப்பிக்கிற. வயசாச்சில்ல."

அன்போடுதான் சொன்னார். சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி என்னைப் பார்த்து வேண்டாம் என்று தலையை ஆட்டினாள். குரல் மாறினால் அந்தக் குரல் பேசினதெல்லாம் மாறிவிடும்போல. அந்த மனுஷனின் வாழ்க்கையிலேயே பெரிய நிமிடம் அது. ஒரு ரயில் முழுக்க நீண்ட நிமிடம். அதை மடித்து ஒரு நொடியாக்கிக் கையில் கொடுத்துவிட்டார்கள், அவரும் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். எனக்கு அவரை அறைய வேண்டும்போல் இருந்தது. அவரைக் கட்டிக்கொண்டு அழ வேண்டும்போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினேன்.

நடந்துகொண்டிருந்தபோதுதான் ஸ்ரீநிதி சொன்ன நல்ல செய்தி என் மண்டையில் உறைத்தது. திக்குகிறவர்களை இதுவரை சேர்க்கவில்லை. அப்படியென்றால் அவர்கள் தலைக்குள் யாரும் கை வைக்கவில்லை. பிலோ இன்னும் இருக்கிறாள். என்னிடம் இருக்கிறாள், நான் செத்தால் போய்விடும். அவர்களிடமும் இருக்கிறாள். திங்கட்கிழமை அங்கேயும் போய்விடும். அதுவரை சோகம், கோபம் என்று அலைந்துகொண்டிருந்த எனக்கு அப்போதுதான் பயம் வந்தது.

திங்கட்கிழமை கதவு திறக்கும் முன்பே மறுஒளி வாசலில் போய் நின்றேன். திக்குகிறவர்களுக்கென்று தனி வரிசை போட்டு, 'இனி நீங்களும்' என்று பதாகை கட்டியிருந்தார்கள். டோக்கனைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் பத்துப் பதினைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மற்ற வரிசையில் ஒரே சிரிப்பும் கும்மாளமும். இந்தப் பெஞ்சில் பேச்சே இல்லை. ஒவ்வொருவரிடமாகப் போய், உள்ளே போகாதீர்கள், போனால் மூடியின் பழைய குரல் உங்களுக்கு மறந்துவிடும் என்றேன். ஒரு அம்மாள் கைப்பையை இறுகப் பிடித்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தாள். ஒருவர் கைபேசியில் என் பொன்னாடைக் காணொளியைப் பக்கத்து ஆளுக்குக் காட்டினார். செக்யூரிட்டி வந்து, பெரியம்மா ஓரமா உக்காருங்க, தொந்தரவு பண்ணாதீங்க என்று பெஞ்சின் கோடியைக் காட்டினான்.

கோடியில் ஒருவர் இருந்தார். ஐம்பதை நெருங்கும் வயது. காக்கிச் சட்டையில் கிரீஸ் கறை. பெயர் தணிகாசலம், வியாசர்பாடியில் லாரிகளுக்கு வயரிங் பார்க்கிறவர். நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, மறந்தால் நல்லதுதானே என்றார்.

அதைச் சொல்லவே அவருக்கு நேரமாயிற்று. அப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக மீதியைச் சொன்னார். சின்ன வயதில் பக்கத்து வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூடி பார்த்திருக்கிறார். அது வாயைத் திறந்ததும் கூடத்தில் இருந்த பிள்ளைகளெல்லாம் திரும்பி ஜன்னலில் நின்ற இவரைப் பார்த்தார்களாம். அடுத்த நாள் பள்ளிக்கூடத்தில், டேய், மூடி மாதிரி பேசிக் காட்டுடா என்றார்களாம். அதுவரை வகுப்பில் வாயே திறக்காத பையன் பேசியிருக்கிறான். கை தட்டியிருக்கிறார்கள். அதற்குப் பிறகு அவர் பேசினால் யாரும் கல்லெறியவில்லை. அவ்வளவு நாளும் அவருக்கு மூடியைப் பிடித்திருந்தது. பெரியவனான பிறகு எவனோ ஒரு பாவி, அது யாரோ நடிகை சிரிப்புக்காகத் திக்கிப் பேசினது என்று சொல்லிவிட்டானாம்.

"கா... காசு வாங்கிக்கினு நம்மள கி... கிண்டல் பண்ணிக்கிறாங்கமா" என்றார். "எ... எம்பொண்ணுகிட்ட, மூடியும் என்ன மா... மாதிரிதான் பேசும்னு சொல்லி வெச்சிருந்தேன். இப்ப புதுசப் பாத்துட்டு, அது ந... நல்லாத்தான் பேசுது, நீதான் பொய் சொல்றங்குது. ஊரு மொத்தத்துக்கும் ஒரு ஞாபகம், எ... எனக்கு மட்டும் ஏன் வேற?"

அந்தக் கேள்வியைக் கேட்டதும் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். டோக்கன் என் விரலுக்கு நடுவில் கசங்கியது.

"நடிகை இல்ல தம்பி. என் தங்கச்சி. பிலோமினான்னு பேரு. அவ கிண்டல் பண்ணல, அவ பேச்சே அதுதான். வீட்லயும் அப்படித்தான் பேசுவா, கோயில்ல செபம் சொன்னாலும் அப்படித்தான். கோவம் வந்தா இன்னும் ஜாஸ்தியாவும். உங்க ஞாபகம்தான் சரி. ஊரு ஞாபகம் பொய்யி."

அவர் என் பக்கம் திரும்பி உட்கார்ந்தார். நிஜமாகவே பேச்சு வராத பெண்ணையா மைக் முன்னால் உட்கார வைத்தார்கள் என்று கேட்டார். பேச்சு வந்தது, நேரம் எடுத்துக்கொண்டு வந்தது என்றேன். அவள் இப்போது எங்கே என்றார். சொன்னேன். சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டார். கிரீஸ் கன்னத்தில் அப்பியது.

அப்போது கதவு திறந்தது. செக்யூரிட்டி அவர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான். தணிகாசலம் எழுந்து நின்றார். இவரும் போய்விடுவார், பெற்ற பெண்ணின் முன்னால் பொய்யனாக இருக்க யாருக்குத்தான் மனம் வரும் என்று நினைத்தேன். அவரோ உள்ளே போகாமல் செக்யூரிட்டியின் முன்னால் போய் நின்றார்.

"நா... நா..." என்றார்.

வார்த்தை மாட்டிக்கொண்டது. கழுத்து நரம்பு புடைத்தது. செக்யூரிட்டி கடிகாரத்தைப் பார்த்தான். உள்ளேயிருந்து யாரோ, அடுத்த ஆளை அனுப்பு என்று குரல் கொடுத்தார்கள். "இன்னா சார், வரீங்களா இல்லியா, சீக்கிரம் சொல்லுங்க" என்று அவர் முழங்கையைப் பிடித்தான்.

"கைய எடு" என்றேன். மேடையில் கத்தினதைவிட மெதுவாகத்தான் சொன்னேன். "அவரு சொல்லி முடிக்கட்டும். அதுவரைக்கும் நீ நில்லு."

அவன் கையை எடுத்தான். தணிகாசலம் மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். பக்கத்து வரிசையில் சிரிப்பு நின்றது. பெஞ்சில் இருந்தவர்கள் எல்லோரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கைப்பை அம்மாள் டோக்கனை மடியில் வைத்துவிட்டு முன்னால் குனிந்தாள். அவருக்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டார்.

"நா... நான் உள்ள வ... வரல. அந்தப் பொண்ணு கொ... கொரலு எங்கிட்டயே இருக்கட்டும்."